ஊழியத்தில் இருக்கும் தாத்தா பாட்டியைப் பார்க்கக் கம்போடியா: பிள்ளைகளோடு போகலாமா?

கேள்வி: 2024 செப்டம்பர் 8

என் மாமனாரும் மாமியாரும் ஓய்வு பெற்ற கையோடு மிஷனரிகளாகக் கம்போடியா போய்விட்டார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் தாத்தா எப்போது வருவார் என்று நச்சரிக்கிறார்கள். டிசம்பரில் ஒரு நடை போய்வரலாம் என்று எண்ணம். அவர்களை ஒரு வாரம் லீவு போடச் சொல்லி, எல்லோருமாக அங்கோர்வாட் பக்கத்துச் சியெம் ரீப்பில் ஹோட்டல் எடுத்துத் தங்கிவிட்டு வந்தால் போதும் என்கிறார் என் கணவர். பணித்தளத்துக்கே போய் இறங்கினால் அவர்களுக்குத் தொந்தரவு என்பது அவர் கட்சி. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: 2024 செப்டம்பர் 8, இரவு

பணித்தளத்துக்கே போங்கள். சியெம் ரீப் எங்கேயும் ஓடிவிடாது.

என் அப்பா அம்மா கம்போங் சாமில் இருக்கிறார்கள். தலைநகர் நோம் பென்னிலிருந்து வடகிழக்கே 120 கிலோமீட்டர் சொச்சம், மேகாங் ஆற்றங்கரையில் ஊர். அப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், அம்மா நர்ஸ். கிராமங்களிலிருந்து வந்து டவுனில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சபை ஒரு விடுதி நடத்துகிறது. அதன் வரவு செலவும் சாயங்கால ஆங்கில வகுப்பும் அப்பா பொறுப்பு. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் தலைவலி என்றால் அம்மா. போன டிசம்பரில் நாங்கள் போனபோது பெண்ணுக்கு 13, பையனுக்கு 8.

லீவு போடச் சொன்னால் போடுவார்கள், அதுதான் சங்கடம். பேரப்பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் எதையும் விட்டுவிட்டு வருவார்கள். அப்புறம் ஹோட்டல் நீச்சல்குளத்தின் ஓரத்தில் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் அதே பழைய தாத்தா பாட்டியைத்தான் நீங்கள் பார்ப்பீர்கள். அவர்கள் எதற்காக அங்கே போனார்கள் என்று பிள்ளைகளுக்குக் கடைசிவரை தெரியாது. வீட்டில் சாமான் இருக்கிற அறையை ஒதுக்கித் தந்தாலும் அங்கேயே தங்குங்கள். இடமே இல்லையென்றால் பக்கத்தில் கெஸ்ட் ஹவுஸ் பாருங்கள். கம்போங் சாம் ஆற்றங்கரையில் நிறைய உண்டு.

2024 செப்டம்பர் 9

விசா பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விமான நிலையத்திலேயே சுற்றுலா விசா கொடுக்கிறார்கள், 30 டாலர். முன்கூட்டி இணையத்திலும் எடுக்கலாம். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். இப்போது போய்ச் சேர்வதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் இணையத்தில் இ-அரைவல் என்ற வருகைப் படிவமும் நிரப்பச் சொல்கிறார்கள். நாங்கள் போனபோது அது இல்லை. நாங்கள் கோலாலம்பூர் வழியாகப் போனோம். பாங்காக், சிங்கப்பூர் வழியும் உண்டு.

ஒரு விஷயம் கவனமாக இருங்கள். சுற்றுலா விசாவில் போய்விட்டு வகுப்பெடுக்கிறேன், மருத்துவ முகாமில் உதவுகிறேன் என்று இறங்காதீர்கள். அங்கே அது வேலை என்ற கணக்கில் வரலாம். மாட்டிக்கொண்டால் பதில் சொல்ல வேண்டியது உங்கள் மாமனார். என் பெண் விடுதிப் பிள்ளைகளோடு கைப்பந்து விளையாடினாள், அவ்வளவுதான்.

2024 செப்டம்பர் 9, சாயங்காலம்

பணம். டாலரும் அந்த நாட்டு ரியலும் இரண்டுமே ஓடும். ஒரு டாலருக்கு நாலாயிரம் ரியல், கொஞ்சம் முன்னே பின்னே. ஒரு டாலருக்குக் குறைந்த சில்லறை ரியலில்தான் கிடைக்கும். டாலர் நோட்டை ஊரிலிருந்து வாங்கும்போதே ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழக்கடையில் அந்த அம்மா என் இருபது டாலர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தில் இருந்த நகக்கண் அளவு கிழிசலைத் தடவிப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். சிரித்துக்கொண்டேதான் தந்தார், ஆனால் வாங்கவில்லை. அடுத்த கடையிலும் வாங்கவில்லை. கடைசியில் அப்பா தன் போனை எடுத்து க்யூஆர் ஸ்கேன் பண்ணிக் கொடுத்தார். அங்கே சின்னச் சின்னக் கடையிலும் அந்த அட்டை தொங்குகிறது. ஊரில் இருந்தவரை ஏடிஎம் கார்டையே நம்பாதவர், பாஸ்புக்கை வரிசையில் நின்று பதியவைப்பவர்! என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துவிட்டார்.

பையனுக்கு ரியல் நோட்டுகள் மேல் பைத்தியம். 500 ரியல் நோட்டின் பின்னால் கம்போங் சாம் கிசுனா பாலம் இருக்கிறது. ஜப்பான் உதவியோடு 2001-ல் கட்டியது, கம்போடியாவில் மேகாங் மேல் வந்த முதல் பாலம். பாலத்தடியில் நின்று நோட்டை நீட்டிப் பிடித்துத் தூண்களை எண்ணினான்.

2024 செப்டம்பர் 12

"டிசம்பர் சரியான நேரமா, ஏப்ரல் மே போகலாமா" என்று கேட்டவருக்கு. ஏப்ரல் வேண்டவே வேண்டாம். வெயில் உச்சம், அதோடு ஏப்ரல் நடுவில் அவர்களுடைய புத்தாண்டு. நம் சித்திரை முதல் நாளை ஒட்டித்தான் வரும். கடையெல்லாம் சாத்திவிட்டு மொத்த நாடும் சொந்தக் கிராமத்துக்குப் போய்விடும். மே கடைசியிலிருந்து அக்டோபர்வரை மழை, டெங்குக் காலம். டிசம்பரும் ஜனவரியும்தான் நம் உடம்புக்கு ஒத்துவரும்.

ஆனால் டிசம்பர் மிஷனரிகளுக்கு ஓய்வொழிச்சல் இல்லாத மாதம். அதோடு கிறிஸ்துமஸ் அங்கே அரசு விடுமுறை கிடையாது. எங்களுக்கு அது முதலில் உறைக்கவில்லை. போன வருடம் 24 ஞாயிறு. அன்றைக்கே சபையில் ஆராதனை, நாடகம், சாப்பாடு எல்லாம் முடித்துவிட்டார்கள். பக்கத்துக் கிராமத்தார், புத்த மதத்தவர்கள்தான் பாதிப்பேர், தட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் நாங்கள் புதுத் துணி போட்டுக்கொண்டு கீழே வந்தால் அப்பா சட்டைப்பையில் பேனாவோடு நிற்கிறார். "எங்கேப்பா?" "வகுப்பு இருக்கு." கிறிஸ்துமஸ் அன்றைக்கு வகுப்பா என்று பையன் அழாத குறை. அப்பா அவனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பின் பெஞ்சில் உட்காரவைத்தார்.

எனக்கும் முணுமுணுப்பு இருந்தது, மறைப்பானேன். ஆராதனை, பிரியாணி, தூக்கம் என்று 25-ஐக் கழித்தே பழகியவர்கள் நாங்கள். மத்தியானம் அம்மா அரிசியும் சேமியாவும் போட்டு ஏதோ பாயசம் மாதிரி பண்ணினாள். பனைவெல்லம் அங்கே அருமையாகக் கிடைக்கிறது. அதுதான் பண்டிகை.

2024 செப்டம்பர் 21

பிள்ளைகள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டதற்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் தள்ளிப்போட்டேன். சுலபமாகச் சொல்ல வரவில்லை.

விடுதியில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பெண்பிள்ளைகள் குளித்துவிட்டு வருவார்கள். வீடு தூண்மேல் நிற்கிற மரவீடு, கீழே திறந்த இடம், மூங்கில் கட்டில் ஒன்று கிடக்கும். அம்மா அதில் உட்கார்ந்து அவர்களுக்குப் பேன் பார்த்துத் தலை பின்னிவிடுவாள். மடியில் ஒரு பழைய துண்டு, பக்கத்தில் எண்ணெய்ப் புட்டி, பேன்சீப்பு. நாங்கள் போன அன்றும் அதுதான் நடந்தது. ஒரு சின்னப் பெண், பன்னிரண்டு வயதிருக்கும், பின்னி முடித்த பிறகும் எழுந்திருக்காமல் அம்மா முழங்காலில் சாய்ந்துகொண்டு என்னமோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பாதி புரிந்திருக்கும். "உம், உம்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரும் அம்மாவை "யெய்" என்றுதான் கூப்பிடுகிறார்கள், பாட்டி என்று.

என் பெண் படியில் நின்று பார்த்தாள். அப்புறம் மேலே போய்விட்டாள். சாப்பிடவும் வரவில்லை. இரவு பாட்டியிடம் நேரடியாகவே கேட்டாள்: "எனக்குத் தலை பின்னிவிட்டது கடைசியா எப்பன்னு ஞாபகம் இருக்கா பாட்டி?"

நான் அதட்டப் போனேன். அம்மா என்னைக் கையமர்த்திவிட்டு, "நாளைக்கு அஞ்சு மணிக்கு வா" என்றாள். மறுநாள் போனாள். முன்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டி தன்னை முதலில் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்திருப்பாள் போல. அம்மா கூப்பிடவில்லை. நாலாவது ஆளாக உட்கார்ந்துதான் பின்னிக்கொண்டாள். அதற்குள் அந்த மூன்று பேரும் அவள் காதில் கிடந்த ஜிமிக்கியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்து, போனில் ஏதேதோ காட்டி, ஆறு மணிக்கு எங்கள் பெண்ணை ஆளையே காணோம். கைப்பந்து.

அம்மா பண்ணியது சரிதான் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது யோசித்தால், ஒரே ஒரு நாளாவது அவளை முதலில் உட்காரவைத்திருக்கலாம் என்றும் தோன்றுகிறது.

2024 செப்டம்பர் 22

மேலே எழுதியதைப் பெண் படித்துவிட்டாள். அவளுக்கு அது பொறாமை இல்லையாம், கோபமாம். பாட்டி மேல்கூட இல்லை, என் மேல். "தாத்தா பாட்டி அங்கே கஷ்டப்படுறாங்க, ஜெபம் பண்ணுனு இவ்வளவு நாள் சொன்னியே. அங்கே போனா பாட்டி சிரிச்சுட்டு இருக்காங்க." இதற்கு என்னிடம் பதில் இல்லை. மிஷனரி என்றால் தியாகம் என்ற ஒரே சுருதியில் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். சந்தோஷமாக இருக்கிறார்கள் என்பதைப் போவதற்கு முன்னாலேயே சொல்லிவையுங்கள்.

2024 அக்டோபர் 2

இன்றைக்கு அங்கே ப்சும் பென். நம் மகாளய பட்சம் நடக்கும் அதே பதினைந்து நாள்தான். ஏழு தலைமுறை முன்னோர் பசியோடு வருவார்கள் என்று விடிவதற்கு முன்பே விகாரையில் சோற்று உருண்டை போடுவார்கள். இன்றைக்கு அமாவாசை, கடைசி நாள். விடுதி காலி, எல்லாப் பிள்ளைகளும் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று அம்மா காலையில் போனில் சொன்னாள். அதனால்தான் இதை இன்றைக்கு எழுதுகிறேன்.

உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள்: "அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு மதம் இருக்கிறதே, நம் ஆட்கள் எதற்கு?" என் வீட்டுக்காரரும் அதே ஜாதி. மாமனார் முகத்துக்கு நேரே கேட்கமாட்டார், என்னிடம் கேட்பார். பையன்தான் நேரே கேட்டான். அப்பா பகல் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தார். "தாத்தா, அவங்கதான் புத்தரைக் கும்பிடுறாங்களே, நீங்க ஏன் வந்தீங்க?"

அப்பா சொன்னது: "நான் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்கிறேன். எதுக்கு இவ்வளவு தூரம் வந்து சொல்லிக்கொடுக்கிறீங்கன்னு அவங்களா கேட்டா, இயேசுவைச் சொல்லுவேன். கேக்கலைன்னா கணக்கு."

அவ்வளவு சுத்தமாக நடக்கிறதா என்று எனக்கே சந்தேகம் உண்டு. சோறு போட்டுப் படிக்கவைக்கும் இடத்தில் சாயங்காலம் ஜெபம் நடந்தால், பிள்ளைகள் வந்து உட்காரத்தான் செய்வார்கள். அது முழு விருப்பம் என்று எப்படிச் சொல்வது? அந்த நாட்டு அரசுக்கும் இதே கேள்வி வந்திருக்கிறது. அரசியல் சட்டப்படி புத்த மதம்தான் அரசு மதம், மற்ற மதங்களுக்கும் சுதந்திரம் உண்டு. ஆனால் வீடு வீடாகப் போய்ப் பிரசங்கம் பண்ணக் கூடாது, மதம் மாறினால்தான் உதவி என்று கொடுக்கக் கூடாது என்று 2007-ல் மத விவகார அமைச்சகம் உத்தரவு போட்டது. அப்பா அதை அந்த நாட்டுக் கெமர் மொழியிலும் ஆங்கிலத்திலும் அச்செடுத்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறார். நல்ல சட்டம் என்பது அவர் அபிப்பிராயம். விடுதியில் ஜெபத்துக்கு வருகைப் பதிவு எடுக்கும் வழக்கம் முன்பு இருந்ததாம். வந்த வருடமே அதை நிறுத்தியிருக்கிறார். உள்ளூர் மூப்பர் ஒருவருக்கு அதில் இன்றுவரை வருத்தம்.

வயதான மிஷனரிகளுக்கே உரிய கதை ஒன்றும் அப்பா வைத்திருக்கிறார். காஸ்பர் டா குரூஸ் என்று ஒரு டொமினிக்கன் சபைப் போர்த்துக்கீசியச் சாமியார் 1555-ல் கம்போடியா போனார். அடுத்த வருடமே மனம் விட்டுச் சீனாவுக்குக் கிளம்பிவிட்டார். மொத்தம் ஒரே ஒருவருக்குத்தான் ஞானஸ்நானம் கொடுத்தாராம், அந்த ஆளும் இறந்துபோனார், கல்லறையில் விட்டுவந்தேன் என்று அவரே எழுதியிருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். "என் கணக்கு அவரைவிட மோசமில்லை."

2024 அக்டோபர் 3

அப்பா போன் பண்ணினார். "என் கணக்கு மோசமில்லை" என்று தான் சொல்லவே இல்லையாம், "என் கணக்கை நான் வைக்கிறதில்லை" என்றுதான் சொன்னாராம். அம்மா பின்னாலிருந்து, "ரெண்டும் சொன்னீங்க" என்கிறாள்.

2024 அக்டோபர் 3, மத்தியானம்

விடுதிக்கு என்ன வாங்கிப்போகலாம் என்று கேட்டவருக்கு: பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துச் சாக்லேட் கொடுத்துப் படம் எடுக்கிற வேலை வேண்டாம். கம்போடியாவில் இது பெரிய பிரச்சினை. பயணிகள் பார்க்க வருகிறார்கள் என்பதற்காகவே அநாதை ஆசிரமங்கள் பெருகின. அங்கே இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் இல்லை என்று தொண்டு நிறுவனங்கள் பிரசாரமே நடத்தின. அப்பா முன்கூட்டியே எச்சரித்துவிட்டார்: முகம் தெரிகிற படம் எடுக்காதே, குரூப்பில் போடாதே. நாங்கள் இரண்டு கைப்பந்தும் ஒரு கேரம் போர்டும் வாங்கிப்போய்ப் பொறுப்பாளரிடம் கொடுத்தோம். கேரம் போர்டு செம ஹிட்.

தலையைத் தொடாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நமக்குப் பிள்ளைகளைக் கண்டால் தலையைத் தடவுவது பழக்கம். அங்கே முன்பின் தெரியாதவர் தலையைத் தொட்டால் மரியாதைக் குறைவு. அம்மா சீப்பெடுப்பது வேறு கதை, அவர்களாக வந்து தலையைக் கொடுக்கிறார்கள்.

2024 அக்டோபர் 19

அங்கோர்வாட் தமிழன் கட்டியது என்று ஒருவர் மேலே போட்டிருக்கிறார். வாட்ஸ்அப்பில் வந்ததாம். ஐயா, அதைக் கட்டியது இரண்டாம் சூரியவர்மன், கெமர் அரசன், 12-ஆம் நூற்றாண்டு. சோழர்களோடு உறவு இருந்தது உண்மை. காம்போச, அதாவது கம்போடிய, அரசன் காட்டிய கல்லைப் பற்றிக் குலோத்துங்கன் காலத்துச் சிதம்பரம் கல்வெட்டு பேசுகிறது. எழுத்திலும் தொடர்பு உண்டு. கெமர் எழுத்து பல்லவ எழுத்து வழியாக வந்ததுதான், தேதி போட்ட பழைய கெமர் கல்வெட்டு 611-ஆம் வருடத்தது. அதற்காகக் கோயிலையே தூக்கிக்கொண்டு வர வேண்டாம். அப்பாவோடு வேலை செய்யும் உள்ளூர் ஆசிரியரிடம் என் வீட்டுக்காரர் இந்த வாட்ஸ்அப் கதையை ஆரம்பித்தார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்களிடம் தாய்லாந்துக்காரர்களும் இப்படித்தான் சொல்வார்கள்" என்றார்.

அங்கோர் டிக்கெட்: ஒரு நாள் 37 டாலர், மூன்று நாள் 62, ஏழு நாள் 72. பன்னிரண்டு வயதுக்குள் இலவசம், பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். 13 வயது என்றால் முழு டிக்கெட். எங்கள் பெண் அதில் மாட்டிக்கொண்டு, தனக்கும் சேர்த்து இலவசம் வாங்கித் தராத தம்பியோடு அன்று முழுக்கப் பேசவில்லை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புது விமான நிலையம் சியெம் ரீப் ஊரைவிட்டு வெகுதூரம், அந்த நேரத்தையும் கணக்கில் வையுங்கள். தாத்தா பாட்டியை இதற்கு மட்டும் கூட்டிப்போங்கள், கடைசி இரண்டு நாள், சனி ஞாயிறு ஒட்டி. எங்கள் அம்மா அத்தனை நாள் அந்த நாட்டில் இருந்தும் அங்கோரைப் பார்த்ததில்லை. மூன்றாம் மாடத்துச் செங்குத்துப் படியைப் பார்த்ததும், "நான் இங்கேயே உக்காந்து எல்லாருடைய செருப்பையும் பாத்துக்கறேன்" என்றுவிட்டாள்.

2024 நவம்பர் 16

இன்று அங்கே நீர்த்திருவிழா, படகுப் போட்டி. மழைக்காலத்தில் மேகாங் பொங்கி, தோன்லே சாப் ஆறு தலைகீழாக அதே பெயருள்ள ஏரிக்குள் ஓடும். மழை விட்டதும் மறுபடி கடலைப் பார்க்கத் திரும்பும். அந்தத் திரும்பலுக்குத்தான் விழா. ஏரி கோடையில் இருப்பதைப்போல நாலைந்து மடங்கு விரியும். சம்பந்தமில்லாமல் ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், மிஷனரிகளின் கிராமப் பயணமெல்லாம் இந்தத் தண்ணீரை அனுசரித்துத்தான். உங்கள் மாமனார் "இந்த வாரம் முடியாது" என்றால் சாக்குச் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள்.

கம்போங் சாமில் மூங்கில் பாலம் ஒன்று உண்டு. எதிரே இருக்கும் தீவுக்குப் போக, ஆறு வடிந்ததும் வருடா வருடம் புதிதாகக் கட்டுவார்கள். பக்கத்தில் காங்கிரீட் பாலம் வந்தபிறகும் விடவில்லை. அதில் மோட்டார் பைக் போகும்போது மொத்தமும் கடகடவென்று அதிரும். பையன் நான்கு முறை நடந்தான். அப்பா ஐந்தாம் முறை கூட்டிப்போய் மூங்கில் எண்ணிக்கையைத் தோராயமாகக் கணிப்பது எப்படி என்று பாடம் எடுத்தார். வாத்தியார்கள் ஓய்வு பெறுவதே இல்லை.

கிராமத்துப் பக்கம் போனால் பாதையை விட்டு இறங்க விடாதீர்கள். கிழக்கே அமெரிக்க விமானங்கள் போட்டு வெடிக்காமல் கிடக்கும் குண்டுகள், மேற்கு எல்லையில் கண்ணிவெடிகள். உள்ளூர்க்காரர் நடக்கிற தடத்திலேயே நடங்கள்.

2024 நவம்பர் 30

நோம் பென்னில் இருக்கும் துவோல் ஸ்லெங் சிறை அருங்காட்சியகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்ற கேள்வி. நாங்கள் பெண்ணை மட்டும் கூட்டிப்போனோம். பையனோடு அம்மா வெளியே ஒரு கடையில் இருந்துவிட்டாள். அது மேல்நிலைப் பள்ளியாக இருந்த கட்டடம். 1975-ல் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை ஆட்சியைப் பிடித்தபிறகு அதைச் சிறையாக்கினார்கள். வகுப்பறைத் தரையில் கட்டம் கட்டமாக ஓடு, அதன் நடுவில் இரும்புக் கட்டில். முற்றத்தில் பிள்ளைகள் உடற்பயிற்சிக்காக நட்ட மரச்சட்டம் நிற்கிறது, அதில்தான் கைதிகளைத் தொங்கவிட்டார்கள். நாடு முழுக்க நாலு வருடத்துக்குள் 15 முதல் 20 லட்சம் பேர் செத்தார்கள். படித்தவன், வாத்தியார், மூக்குக்கண்ணாடி போட்டவன் என்றாலே சந்தேகம்.

அப்பா முன்பே போயிருக்கிறார். இருந்தும் கூட வந்தார். ஒரு அறையில் ஜன்னல் பக்கம் நின்று, "இங்கே முன் பெஞ்ச் இருந்திருக்கும், வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து வருது" என்றார், யாரிடமும் இல்லை. பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருடைய வகுப்புக்கு வரும் ஒருவருடைய தகப்பனார் ஆசிரியராக இருந்து அந்த வருடங்களில் காணாமல் போனவர். அப்பாவைவிட இரண்டு வயது சின்னவர் அந்த மாணவர். ஆங்கிலம் படிக்க வருகிறார்.

கெமர் ரூஜ் நோம் பென் கதீட்ரலையும் இடித்துத் தரைமட்டமாக்கியது. புத்த பிக்குகளையும் விட்டுவைக்கவில்லை, சாம் இனத்து முஸ்லிம்களையும் விட்டுவைக்கவில்லை. கம்போங் சாமில் அவர்கள் இன்றும் நிறைய இருக்கிறார்கள், விடுதிக்கு மீன் கொண்டுவருபவர் அவர்களில் ஒருவர். சபைகளுக்கு மறுபடி அனுமதி கிடைத்தது 1990-ல்தான். 1954-ல் முழு பைபிள் கெமரில் அச்சானது, அந்தப் பழைய பிரதியை நெல் குதிருக்குள் ஒளித்துவைத்திருந்தேன் என்று சொல்லும் ஒரு பாட்டியை அம்மா அறிமுகப்படுத்தினாள். எத்தனை பேர் இப்படிச் சொல்கிறார்கள் என்று தெரியாது, இவர் புத்தகத்தைக் காட்டினார். முதல் பக்கங்கள் இல்லை.

பதினாலு வயதுக்குக் கீழ் வேண்டாம் என்பது என் எண்ணம். எங்கள் பெண்ணுக்கு அப்போது 13, பக்கத்தில் தாத்தா இருந்தார் என்பதால் துணிந்தேன்.

2025 ஜனவரி 11

கேள்வி கேட்டவர் போய்வந்துவிட்டார்! அவர் எழுதியதிலிருந்து இரண்டு வரி: "பணித்தளத்துக்கே போனோம். மாமனார் எங்களுக்குத் தெரியாமல் ஏற்கெனவே ஒரு வாரம் லீவு போட்டிருந்தார். மாமியார் அதைக் கேட்டு அவரிடம் இரண்டு நாள் பேசவில்லை."

இத்தனை குறிப்பும் எழுதியது வீணா? இல்லை, மாமியார் இருக்கிறார்.

2025 ஜனவரி 12

அவர் தனியாகக் கேட்டதற்கு இங்கேயே பதில் சொல்கிறேன், வேறு யாருக்காவது உதவும். மாமனாருக்கு மூச்சு வாங்குகிறது, மெலிந்திருக்கிறார், ஊருக்குக் கூப்பிட்டால் சிரித்து மழுப்புகிறார். என்ன செய்வது?

எனக்கு இதில் பாதி கோபம் இன்னும் ஆறவில்லை. என் பெண் பிறந்தபோது கூடவே இருந்த அம்மா, பையன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் கிளம்பிவிட்டாள். எங்களுக்கு அவர்கள் தேவைப்பட்ட வருடங்கள் அவை. போய்ப் பார்த்தபிறகு கோபம் குறைந்தது, போகவில்லை. இதை அம்மாவிடமே சொன்னேன். "தெரியும்" என்றாள். சமாதானம் எதுவும் சொல்லவில்லை.

உடம்பு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கெஞ்சிக் கூப்பிட்டால் வரமாட்டார்கள், அதனால் தேதி வைத்துப் பேசினோம். வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து முழுப் பரிசோதனை. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை மருந்துச்சீட்டோடு மூன்று மாதத்துக்குக் கையிருப்பு. பெரிய சிக்கல் என்றால் அங்கிருந்து பாங்காக்குக்கோ ஹோ சி மின் நகரத்துக்கோ கொண்டுபோக வேண்டிவரும் என்பதால், அவசர விமானச் செலவும் அடங்கிய காப்பீடு. நம்மூர் மூத்த குடிமக்கள் பாலிசிகள் பலவற்றில் அது கிடையாது, படித்துப் பாருங்கள். அனுப்பிய அமைப்பு பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். என்ன பார்த்துக்கொள்வார்கள், எதுவரை என்பதை எழுத்தில் கேளுங்கள். அப்பா முதலில் முறைத்தார். அம்மா நர்ஸ் என்பதால் என் பக்கம் சேர்ந்தாள்.

மூச்சு வாங்குவதற்குத் தேதியெல்லாம் பார்க்க வேண்டாம். இந்த வாரமே நோம் பென் போய் எக்கோ எடுக்கச் சொல்லுங்கள். மாமனாரிடம் கேட்காதீர்கள், மாமியாரிடம் சொல்லுங்கள்.